மஜ்ஜை மாற்று பெற்ற சிறுவனின் தசை: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பிறவியிலேயே நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத ஓர் ஆண் குழந்தை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு அவனுக்கு இருந்தது. 1 வயதில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்யப்பட்டுப் பிழைத்தான். 12 வயதில் அவனுக்கு இன்னொரு நோயும் இருப்பது தெரிந்தது: டூஷென் தசைச்சிதைவு. இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிழைகளால் வருபவை. ஆனால் ஒரு பிழை இரண்டையும் உண்டாக்கவில்லை. முதல் நோய்க்கான மரபணு அந்தக் குரோமோசோமின் நீண்ட கரத்திலும், தசை நாரைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணு (இதன் பிழையே டூஷென் நோய்) குறுகிய கரத்திலும் உள்ளன. ஒரே குழந்தைக்கு இரண்டும் வாய்ப்பது மிகமிக அரிது.

மனிதரிடம் யாரும் திட்டமிட்டுச் செய்யத் துணியாத ஒரு சோதனை இந்தச் சிறுவனின் உடலில் தானாகவே நடந்திருந்தது. தசைநோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பிழையில்லாத டிஸ்ட்ரோஃபின் மரபணுவைக் கொண்ட வேறொருவரின் மஜ்ஜை அவனுக்குள் சென்றுவிட்டது. அந்த மஜ்ஜையிலிருந்து கிளம்பிய செல்கள் தசைக்குப் போய்ச் சேர்ந்தனவா, சேர்ந்திருந்தால் அங்கே ஏதாவது செய்தனவா? எமானுவேலா குஸ்ஸோனி, லூயிஸ் குங்கெல் ஆகியோர் அடங்கிய குழு அவனுடைய தசை மாதிரிகளை இந்தக் கேள்விகளோடு ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டது. 0.5 முதல் 0.9 சதவீதத் தசை நார்களுக்குள் கொடையாளியின் உட்கருக்கள் இருந்தன. மாற்று செய்து 13 ஆண்டுகள் ஆன பிறகும் அவை அங்கே நிலைத்திருந்தன.

மஜ்ஜைச் செல்லால் தசையைப் பழுதுபார்ப்பது குறித்து இன்று பேசப்படும் எல்லாவற்றையும் இந்த இரண்டு எண்களை வைத்து எடைபோடலாம். 13 ஆண்டு நிலைத்தது பெரிய செய்தி. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாதது அதைவிடப் பெரிய செய்தி.

யாருடைய டிஸ்ட்ரோஃபின்?

டூஷென் நோய் வழக்கமாக 3 முதல் 5 வயதுக்குள் கண்ணில் படும். குழந்தை அடிக்கடி விழும், படியேறத் திணறும், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி உடலைத் தூக்கும், கெண்டைக்கால் புடைத்திருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் 12 வயதையொட்டி நடையே நின்றுவிடும். இந்தச் சிறுவனுக்கு நோய் தெரிந்ததே 12 வயதில்தான். அதோடு அவனுடைய தசை மாதிரியில் பெரும்பாலான நார்களில் டிஸ்ட்ரோஃபின் தென்பட்டது.

இங்கேதான் படுகுழி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் மஜ்ஜை மாற்று, பிறகு வழக்கத்தைவிடத் தாமதமாகத் தெரிந்த நோய், நார்களில் டிஸ்ட்ரோஃபின் என்று மூன்றையும் வரிசையாக வைத்தால், மஜ்ஜைதான் தசையைக் காப்பாற்றியது என்ற முடிவு தானாக வந்துவிடும். அது தவறான முடிவு. நார்களில் இருந்தது முழுநீளப் புரதம் இல்லை. 44, 45 ஆகிய இரு எக்ஸான்களும் (மரபணுவில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள்) விடுபட்ட, நீளம் குறைந்த புரதம்.

இதைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கு போதும். டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் 79 எக்ஸான்கள். செல் அவற்றை ஒட்டவைத்து, மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்துப் புரதத்தைக் கட்டுகிறது. 45-ஆவது எக்ஸானில் 176 எழுத்துகள் உள்ளன. அது மட்டும் விடுபட்டால், 176 மூன்றால் வகுபடாததால், அதற்குப் பின் வரும் எல்லாம் தப்பாகப் படிக்கப்பட்டுப் புரதம் பாதியில் அறுந்துவிடும். 44-ஆவதில் 148 எழுத்துகள். அதுவும் சேர்ந்து விடுபட்டால் மொத்த இழப்பு 324, அதாவது சரியாக 108 அமினோ அமிலங்கள். நடுவில் ஒரு துண்டு குறைந்தாலும் முன்னும் பின்னும் ஒழுங்காகப் படிக்கப்பட்டு, ஓரளவு வேலை செய்யும் புரதம் உருவாகிறது. 45-ஆவது எக்ஸானை இழந்தவர்களின் தசை, ஒட்டும்போது 44-ஐயும் தானாகவே அவ்வப்போது தாண்டிவிடுவது தெரிந்த விஷயம். அத்தகையோரிடம் நோய் சற்று மெதுவாக நகர்வதும் இதனால்தான்.

கொடையாளியின் உட்கருவில் மரபணு முழுமையாக இருக்கிறது. அது புரதம் செய்தால் முழுநீளப் புரதத்தைத்தான் செய்யும். நார்களில் பரவலாக இருந்ததோ குறைநீளப் புரதம். ஆகவே அது சிறுவனின் சொந்தத் தசை செய்தது. மஜ்ஜைக்கு அதில் பங்கில்லை. புரதம் இருக்கிறதா என்று சாயமிட்டுப் பார்ப்பதோடு ஆய்வு நின்றிருந்தால், இந்த நிகழ்வு இன்றுவரை மஜ்ஜை மாற்றின் வெற்றிக் கதையாக மேற்கோள் காட்டப்பட்டிருக்கும். எந்த வகைப் புரதம், எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று ஒரு படி கூடுதலாகக் கேட்டதுதான் இந்த ஆய்வின் உயிர்.

உட்கருவை எண்ணுவது

தசை நார் ஒரே செல்தான் என்றாலும் அதற்குள் நூற்றுக்கணக்கில், நீண்ட நார்களில் ஆயிரக்கணக்கில், உட்கருக்கள் உண்டு. ஒவ்வோர் உட்கருவும் தன்னைச் சுற்றியுள்ள சிறு பகுதிக்கே பெரும்பாலும் புரதம் வழங்குகிறது. மாதிரியைக் குறுக்காக வெட்டும்போது கிடைக்கும் சீவலின் தடிமன் சுமார் 10 மைக்ரோமீட்டர். பல சென்டிமீட்டர் நீளமுள்ள நாரில் அது மிகச் சிறிய துண்டு. எனவே 0.5–0.9 சதவீதம் என்ற எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரே சீவலில் தென்படாத கொடை உட்கரு அதே நாரில் வேறோர் இடத்தில் இருக்கலாம். அந்த வகையில் இந்த எண் குறைத்துக் காட்டுகிறது. ஆனால் ஒரு கொடை உட்கரு இருப்பதாலேயே அந்த நார் முழுவதும் சரியாகிவிட்டது என்று எண்ணினால், அதே எண் மிகைப்படுத்துகிறது. நோயைத் தடுக்க எவ்வளவு புரதம் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இடைவெளி தெளிவாகும். எலிகளில், இயல்பான அளவில் ஐந்தில் ஒரு பங்கு டிஸ்ட்ரோஃபின் எல்லா நார்களிலும் சீராக இருந்தால் பெரும்பாலான சேதம் தடுக்கப்படுகிறது. நூற்றில் ஒரு நாரில் ஓரிரு உட்கருக்கள் என்பது அதற்கு வெகு தொலைவில் நிற்கிறது.

பொய்யான கணக்கு நுழையும் வழி இன்னொன்று. சிதையும் தசை முழுக்க அழற்சிச் செல்கள் மொய்த்திருக்கும். மஜ்ஜை மாற்று செய்தவரிடம் அந்தச் செல்களில் பலவும் கொடையாளியிடமிருந்தே வந்தவை. நாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மேக்ரோஃபேஜின் (சிதைவுகளை விழுங்கும் வெள்ளணு) உட்கரு, மேலிருந்து பார்த்தால் நாருக்குள் இருப்பதுபோலவே தெரியும். இதைத் தவிர்க்க நாரின் உறைக்குத் தனிச் சாயமிட்டு, உட்கரு உறைக்கு உள்ளே இருப்பதை அடுக்கடுக்காகப் படமெடுத்து உறுதிசெய்ய வேண்டும். இரத்த வெள்ளணுக்களைக் காட்டும் சிடி45 சாயமும் கூடவே வேண்டும். அது ஒளிர்ந்தால் அந்த உட்கருவை எண்ணக் கூடாது. சிதைந்த தசை நார்கள் தாமாகவே பச்சை நிறத்தில் ஒளிரும் இயல்புடையவை என்பதால், கொடைச் செல்லுக்கு அடையாளமாகப் பச்சை ஒளிர் புரதத்தை மட்டும் நம்பிய எண்ணிக்கைகளை இரண்டாவது அடையாளம் இல்லாமல் ஏற்கவே கூடாது.

எலிகள் தந்த நம்பிக்கையும் எல்லையும்

இந்த நிகழ்வுக்கு முன்னும் பின்னும் நடந்த விலங்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் ஏன் அவ்வளவு சிறியது என்று புரியும். 1998-இல் இத்தாலியில் ஜூலியானா ஃபெராரி குழுவினர், உட்கருவில் அடையாள நொதி கொண்ட எலிகளின் மஜ்ஜையை வேறு எலிகளுக்கு மாற்றினார்கள். பிறகு அவற்றின் கீழ்க்காலின் முன்புறத் தசையில் பாம்பு நஞ்சிலிருந்து எடுத்த கார்டியோடாக்ஸினைச் செலுத்திக் காயப்படுத்தினார்கள். புதிதாக வளர்ந்த நார்களில் மஜ்ஜை வழி வந்த உட்கருக்கள் இருந்தன. தசையின் சொந்தச் செல்கள் சில நாட்களில் செய்யும் வேலையை இவை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரமாயிற்று. 1999-இல் குஸ்ஸோனி குழு, டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலிகளுக்கு மஜ்ஜையிலிருந்து பிரித்த ஒரு சிறு செல் பிரிவைச் செலுத்தி, 12 வாரங்களில் 4 சதவீதம் வரை நார்களில் டிஸ்ட்ரோஃபினைக் கண்டது. 2001-இல் ஃபெராரி குழுவே அதே வகை எலிகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோது, சரியான நார்கள் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பிறகு டிஸ்ட்ரோஃபின் இல்லாத நாய்களிலும் மஜ்ஜை மாற்று முயலப்பட்டது; இரத்தம் முழுக்கக் கொடையாளியுடையதாக மாறியும் தசையில் டிஸ்ட்ரோஃபின் திரும்பவில்லை.

காயம் இல்லாமல் கதவு திறப்பதில்லை என்பதை 2002-இல் மார்க் லாபார்ஜும் ஹெலன் பிளாவும் காட்டினார்கள். எலிகளைச் சக்கரத்தில் ஓடவைத்துத் தசைக்கு உழைப்பு கொடுத்தபோது மஜ்ஜை வழி நார்கள் 3.5 சதவீதம் வரை உயர்ந்தன. எலியின் தோலடித் தசை ஒன்றில் இது 5 சதவீதம் வரை போனதும் பின்னர் தெரிந்தது. ஒரே உடலில் தசைக்குத் தசை இவ்வளவு வேறுபாடு உண்டு. ஆகவே எந்தத் தசையிலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

ஏன் இவ்வளவு குறைவு? முதல் காரணம், மஜ்ஜைச் செல்கள் தசைச் செல்லாக மாறுவது மிக அரிது. பெரும்பாலும் அவை நாரோடு கலந்துவிடுகின்றன, அவ்வளவே. இரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லிலிருந்து பிறந்த வெள்ளணு வகைச் செல்கள், அழற்சியின்போது தசைக்குள் வந்து, நார் பழுதுபடும் இடத்தில் அதனோடு இணைகின்றன என்பதை 2003-இல் வெளிவந்த ஒற்றைச் செல் மாற்று ஆய்வுகள் காட்டின. தற்செயலாகக் கலந்த உட்கரு அங்கே பெருகுவதில்லை. கல்லீரலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். டைரோசின் சிதைக்கும் நொதி இல்லாத எலிகளின் கல்லீரலில், மஜ்ஜை வழி வந்து சரியான சில செல்கள் மற்றவற்றை விஞ்சிப் பெருகி உறுப்பையே மீட்டன. தசை நாரின் உட்கருவுக்குப் பிரியும் திறனே இல்லை. எத்தனை வந்து சேர்ந்தனவோ அத்தனையோடு கணக்கு முடிகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. உள்ளே போன உட்கரு வேலை செய்யும் என்று உறுதியில்லை. டெல்டா சார்கோகிளைகன் என்ற புரதம் இல்லாத எலிகளில் மஜ்ஜை மாற்றியபோது, எலும்புத் தசையிலும் இதயத்திலும் கொடை உட்கருக்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் அந்தப் புரதம் ஏறக்குறைய எங்கும் உண்டாகவில்லை. இரத்த அணுவாக இருந்தபோது மூடிவைக்கப்பட்ட தசை மரபணுக்கள், நாருக்குள் போன பிறகும் மூடியே கிடந்தன. 2004-இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகும் உட்கரு எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் காட்டுவது நேர்மையான வாதம் ஆகாது.

மூன்றாவது காரணம், அந்த வேலைக்குத் தசையிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ மின்னணு நுண்ணோக்கியில் கண்ட சாட்டிலைட் செல்கள் நாரின் உறைக்கும் அதைச் சுற்றிய மென்படலத்துக்கும் இடையே படுத்திருக்கின்றன. பாக்ஸ்7 என்ற புரதம் அவற்றின் அடையாளம். 2011-இல் பல குழுக்கள் தனித்தனியாக, வளர்ந்த எலிகளில் பாக்ஸ்7 செல்களை மட்டும் அழித்துவிட்டுத் தசையைக் காயப்படுத்தின. தசை வளரவில்லை, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரிழைத் தழும்பும் பிடித்துக்கொண்டன. அந்த எலிகளின் மஜ்ஜை முழுசாகவே இருந்தது. மஜ்ஜை தனியாகத் தசையைக் கட்டிவிடும் என்ற எண்ணத்தை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் மறுக்கவில்லை.

மஜ்ஜையின் இன்னொரு செல்

மஜ்ஜையில் இரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லைத் தவிர, எலும்புக்கும் கொழுப்புக்கும் அடிப்படையான ஸ்ட்ரோமா செல்களும் உண்டு. மீசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரில் பரவலாகத் தெரிந்தவை இவைதான். ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று விளம்பரப்படுத்தப்படுவதும் பெரும்பாலும் இவற்றையே. 2006-இல் செல் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் வகுத்த அளவுகோல்படி, இவை பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வளர வேண்டும். சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மேற்பரப்பு அடையாளங்கள் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும். சிடி45, சிடி34 போன்ற இரத்த அடையாளங்கள் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். இந்த மூன்றில் தசை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2005-இல் மாரி தெசாவா குழு இவற்றைத் தசைச் செல்லாக மாற்றியது உண்மை. ஆனால் அதற்கு நாட்ச் மரபணுவின் ஒரு துண்டைச் செல்லுக்குள் செலுத்தி, வளர்ச்சிக் காரணிகளின் கலவையிலும் வளர்க்க வேண்டியிருந்தது. சும்மா ஊசியில் ஏற்றினால் அது நடக்காது.

ஆனாலும் இவை பயனற்றவை என்று சொல்ல முடியாது. இவை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, டிஎஸ்ஜி-6, விஇஜிஎஃப், ஐஜிஎஃப்-1 போன்றவை அழற்சியைத் தணிக்கின்றன, இரத்தக் குழாய்களை வளர்க்கின்றன, மேக்ரோஃபேஜ்களைத் தாக்கும் நிலையிலிருந்து பழுதுபார்க்கும் நிலைக்குத் திருப்புகின்றன. இவை கொத்தனார் அல்ல. கொத்தனார் வேலை செய்ய வசதி செய்து தரும் மேற்பார்வையாளர். சாட்டிலைட் செல்கள் உயிரோடு இருக்கும் தசையில்தான் இந்த உதவி எடுபடும். டிஸ்ட்ரோஃபின் இல்லாத குழந்தையின் தசையில் அந்தப் பிழையை இவை தொடுவதே இல்லை. நசுங்கிய தசையில், அறுவையின்போது வெட்டுப்பட்ட தசையில், இவற்றுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது.

பெர்லினில் டோபியாஸ் விங்க்லர் குழுவினர் செய்த எலி ஆய்வுகள் இதற்குச் சான்று. காலின் சோலியஸ் தசையை நசுக்கி, ஒரு வாரம் கழித்து எலியின் சொந்த மஜ்ஜைச் செல்களை 1 லட்சம், 10 லட்சம், 25 லட்சம், 1 கோடி என்று வெவ்வேறு அளவில் செலுத்தினார்கள். மேலும் மூன்று வாரம் கழித்துத் தசையின் இழுவிசையை அளந்தபோது அளவு கூடக் கூட விசையும் கூடியது. ஆனால் மடக்கை விகிதத்தில்: செல்களைப் பத்து மடங்காக்கினால் பலன் ஒரு படி உயரும், பத்து மடங்காகாது. செலுத்திய செல்களில் மிகச் சிலவே நார்களோடு கலந்திருக்க, பலன் சுரப்புகள் வழியே வந்தது என்றே கொள்ள வேண்டும்.

செய்முறையும் காலக் கணக்கும்

மஜ்ஜையை இடுப்பெலும்பின் பின்மேல் விளிம்பிலிருந்து எடுப்பதே வழக்கம். பலரும் தவறு செய்யும் முதல் இடம் இதுதான். ஒரே துளையிலிருந்து நிறைய உறிஞ்சினால், முதல் சில மி.லி.க்குப் பிறகு வருவது சாதாரண இரத்தம். ஓரிடத்தில் 1 மி.லி.க்குப் பதில் 4 மி.லி. எடுத்தால் ஸ்ட்ரோமா செல்களின் செறிவு ஏறக்குறைய பாதியாகிறது என்பது 1997 முதலே தெரிந்த அளவீடு. எனவே ஊசியைச் சற்றே நகர்த்தியும் திருப்பியும், ஓரிடத்துக்கு 2 மி.லி.க்கு மேல் போகாமல், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய 10 மி.லி. சிரிஞ்சில் சட்டென்று இழுக்க வேண்டும். பெரிய சிரிஞ்ச் வசதிபோலத் தோன்றும். கிடைப்பது நீர்த்த மஜ்ஜை.

பிறகு 1.077 அடர்த்திக் கரைசலின் மேல் மெதுவாகப் படரவிட்டு, 400 ஜி விசையில் 30 நிமிடம், நிறுத்தும்போது பிரேக் போடாமல் சுழற்ற வேண்டும். நடுவில் படியும் வெண்படலத்தில் ஒற்றை உட்கருச் செல்கள் இருக்கும். அவற்றில் ஸ்ட்ரோமா செல் 0.001 முதல் 0.01 சதவீதம்தான். 30 மி.லி. மஜ்ஜையில் மி.லி.க்கு 1 கோடி வீதம் 30 கோடி செல்கள் கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும், அதில் ஸ்ட்ரோமா செல்கள் 3,000 முதல் 30,000 வரைதான்.

மனிதரின் பெரிய தசை ஒன்றுக்கு 15 கோடி செல்கள் தேவை என்று வைத்தால், அந்தச் சில ஆயிரம் செல்களை 13 முதல் 16 முறை இரட்டிக்க வேண்டும். தட்டில் ஒட்டாதவற்றை இரண்டு மூன்று நாளில் கழுவி நீக்கி, 70–80 சதவீதம் நிரம்பியதும் பிரித்து மறுபடி விதைத்து வளர்த்தால் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தட்டு முழுக்க நிரம்பும்வரை விட்டால் செல்கள் விரிந்து தட்டையாகிப் பிரிவதை நிறுத்திவிடும். ஐந்தாவது மறுவிதைப்புக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்ஸின், குரோமோசோம் சோதனைகளுக்கும் நாள் வேண்டும்.

காயத்தின் கடிகாரமோ வேறு. முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், 1–3 நாளில் தாக்கும் மேக்ரோஃபேஜ்கள், அதன்பின் பழுதுபார்க்கும் மேக்ரோஃபேஜ்கள், 3–5 நாளில் சாட்டிலைட் செல்களின் பெருக்கம், ஒரு வாரத்தில் நடுவே உட்கரு கொண்ட புது நார்கள், இரண்டாம் வாரத்திலிருந்து தழும்பு. சொந்தச் செல்லை வளர்த்து முடிப்பதற்குள் அவை உதவக்கூடிய காலம் தாண்டிவிடுகிறது. இந்த முரணைப் பேசாத எந்தத் திட்டமும் காகிதத்தில்தான் நிற்கும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. முன்கூட்டியே தேதி குறித்த அறுவை என்றால் ஒன்றரை மாதம் முன்பே மஜ்ஜை எடுக்கலாம். அன்றே செறிவூட்டிய மஜ்ஜையைச் செலுத்தலாம், அதில் ஸ்ட்ரோமா செல் மிகக் குறைவு என்று தெரிந்துகொண்டு. அல்லது பிறரிடமிருந்து எடுத்து வளர்த்து உறையவைத்த செல்களைப் பயன்படுத்தலாம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் சேதமாகும் குளூட்டியஸ் (பிட்டத்) தசைக்கு மூன்றாவது வழி முயலப்பட்டது. அங்கே பயன்பட்டவை மஜ்ஜைச் செல் அல்ல, நஞ்சுக்கொடியின் ஸ்ட்ரோமா செல்கள். 20 பேரிடம் நடந்த முதல் ஆய்வில் 15 கோடி செல் பெற்றவர்கள் தசை வலிமையில் முன்னேற்றம் கண்டார்கள். 30 கோடி பெற்றவர்களின் பலன் அதைவிடக் கூடவில்லை. பின்னர் நடந்த பெரிய ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. சிறு ஆய்வின் மகிழ்ச்சி பெரிய ஆய்வில் தேய்வது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது.

செலுத்தும்போது கெடுவது

இரத்தக் குழாய் (சிரை) வழியே ஏற்றினால் தசைக்குப் போகும் என்று எண்ணுவது பெரும் பிழை. வளர்த்த ஸ்ட்ரோமா செல்லின் விட்டம் 15 முதல் 30 மைக்ரோமீட்டர். நுரையீரல் நுண்குழாயின் அகலம் சுமார் 8. பெரும்பாலான செல்கள் நுரையீரலிலேயே சிக்கி ஓரிரு நாளில் அழிகின்றன. தசைநோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் இப்படிப்பட்ட சொட்டு ஊசிகளைப் பெரும் தொகைக்கு விற்பது மனம் பதறவைக்கும் செயல்.

தசைக்குள் நேராகச் செலுத்தும்போது அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, காயத்தின் ஓரத்தில், ஓரிடத்துக்கு 0.2 முதல் 0.5 மி.லி. வீதம் சுமார் 1 செ.மீ. இடைவெளியில், ஊசியைப் பின்னிழுத்துக்கொண்டே மெதுவாக விட வேண்டும். காயத்தின் நடுவில் இரத்த ஓட்டம் இல்லாததால் அங்கே விட்ட செல்கள் மூச்சுமுட்டிச் சாகும். மிக மெல்லிய ஊசியில் வேகமாக அழுத்தினால் உராய்விலேயே செல் உறை கிழியும். 22 அல்லது 23 கேஜ் போதும். சிரிஞ்சில் செல்கள் சில நிமிடங்களில் அடியில் படியும். மெல்லக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் முதல் இடத்துக்குக் குவியலும் கடைசி இடத்துக்கு வெறும் உப்புநீரும்தான் போகும்.

மரத்துப்போக வைக்கும் மருந்தைச் செல்களோடு ஒரே இடத்தில் கலக்கக் கூடாது. அந்த வகை மருந்தான பூபிவக்கெயின் ஸ்ட்ரோமா செல்களைக் கொல்லும். அதோடு தசை நார்களையும் சிதைக்கும். ஆய்வுக்கூடங்களில் எலித்தசையைக் காயப்படுத்தவே அதைப் பயன்படுத்துகிறார்கள். தோலை மட்டும் மரக்கச் செய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த சில நாட்களுக்கு ஐபுப்ரோஃபென் வகை வலிநிவாரணிகளும் வேண்டாம். அவை புரோஸ்டாகிளாண்டின் ஈ2 உண்டாவதையே தடுக்கின்றன. இந்தச் செல்கள் உதவும் முக்கிய வழிகளில் அது ஒன்று, சாட்டிலைட் செல்கள் பெருகவும் அது தேவை.

தவறான இடத்தில் எலும்பு உருவாவதும் உண்மையான ஆபத்து. மாரடைப்பு உண்டாக்கிய எலி இதயத்தில் ஸ்ட்ரோமா செல்களைச் செலுத்தியபோது சுண்ணாம்புப் படிவும் எலும்பும் உண்டானதை 2007-இல் வந்த ஆய்வு பதிவுசெய்தது. எலும்பு அருகே நசுங்கிய தசையில் எலும்பு வளர்வது செல் இல்லாமலே நடக்கக்கூடியது. அப்படிப்பட்ட காயத்தில் இந்தச் செல்களைச் சேர்ப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். செலுத்தினால் 6 வாரத்திலும் 12 வாரத்திலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். தசையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அறுந்து போயிருந்தால், செல் ஊசியால் அது திரும்ப வராது. நாருக்குச் சட்டமும் நரம்பும் இல்லாத இடத்தில் எந்தச் செல்லுக்கும் வேலையில்லை.

பலனை அளப்பது

தசைநோய்க் குழந்தைகளிடம் ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்று மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளை நம்ப முடியாது. டூஷென் உள்ள குழந்தைகள் ஏறக்குறைய 7 வயது வரை, வளர்ச்சியின் காரணமாக, 6 நிமிட நடையில் தாமாகவே முன்னேறுவார்கள். 5 வயதில் ஊசி போட்டு 6 வயதில் அளந்தால் உப்புநீர்கூட மருந்தாகத் தெரியும். இந்நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டின் அளவை இடையில் மாற்றியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ஒப்பீட்டுக் குழுவும், அதே வயதும், அதே ஸ்டீராய்டு அளவும் இல்லாத எண் எதையும் சொல்வதில்லை.

காயம்பட்ட தசையில் மறுபக்கக் காலே இயல்பான ஒப்பீடு. விசைமானியால் அளந்த வலிமை, எம்ஆர்ஐயில் கொழுப்பின் விகிதம், தழும்பின் பரப்பு ஆகியவற்றை ஊசிக்கு முன்பும், 6 வாரம், 3 மாதம், 6 மாதத்திலும் அளக்க வேண்டும். அளப்பவருக்கு யார் செல் பெற்றவர் என்று தெரியக் கூடாது. தசை மாதிரி எடுக்கும் வாய்ப்பிருந்தால், கொடை உட்கரு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாமல், உட்கரு உறைக்குள்தான் உள்ளதா, அது எந்தப் புரதத்தைச் செய்கிறது, முழுநீளமா குறைநீளமா, பாக்ஸ்7 செல்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று நான்கையும் ஒரே சீவல் வரிசையில் பதிவுசெய்ய வேண்டும். சீவல்களைத் தசை நீளத்தில் குறைந்தது சில நூறு மைக்ரோமீட்டர் இடைவெளி விட்டு எடுத்தால், ஒரே உட்கருவை இரண்டு முறை எண்ணுவதும் தவிரும், ஒரு நாரின் நெடுகிலும் கொடை உட்கருக்கள் எப்படிப் பரவியுள்ளன என்பதும் தெரியவரும்.